கட்டு போட்ட கையும் கடேசி ஓவரும்

உங்க கையில ஒரு விரலு மட்டும் பொணத்து விரல் மாதிரி வெள்ளையா, சில்லுனு ஆச்சின்னா, தயவுசெஞ்சி கூட வெளையாடறவன் கிட்ட காட்டாதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. இதைச் சொல்றதுக்குத்தான் இத்தினி பேச்சும்.

எனக்கு எழுத வராது. அஞ்சாங்கிளாஸோட வாத்தியாரு என்னை வுட்டுட்டாரு, நானும் அவரை வுட்டுட்டேன், ரெண்டு பேருக்கும் நிம்மதி. இப்போ போன்ல பேசினா அதுவே எழுதிக்குது. எழுத வந்திருந்தாலும் இப்போ பேனா புடிக்க முடியாது, அது அப்பால சொல்றேன்.

என் பேரு தேசப்பன். பொறந்தது பள்ளிப்பட்டு, தமிழ்நாட்டுப் பக்கம். பொழைக்க வந்தது நகரி, ஆந்திராப் பக்கம். பவர்லூம்ல தறி ஓட்டறவன். ஆனா திருப்பதி வரைக்கும் ஜனங்களுக்கு என்னைத் தெரியும்னா அது தறியால இல்ல. டென்னிஸ் பால் கிரிக்கெட்டுல நான் கடேசி ஓவர் போடறவன். கடேசி ஓவர் மட்டும்தான். மொத ஓவர் குடுத்துப் பாருங்க, பந்து கெணத்துல இருக்கும். கடேசி ஓவர் குடுத்தா ஸ்டம்பு கெணத்துல இருக்கும்.

மத்த ஓவரெல்லாம் என்னை பவுண்டரி ஓரமா நிறுத்தி வெச்சிடுவானுங்க, கோயில் யானை மாதிரி. பந்து என் பக்கம் வந்தாலும் வேற ஒருத்தன் ஓடி வந்து எடுப்பான். என் கைக்கு ஒண்ணும் ஆவக்கூடாதாம். ரெண்டு ஓவர் பாக்கின்னு இருக்கும்போது நான் தொப்பியைக் கழட்டி இடுப்புல சொருவிக்கினு, வலது கையைப் பின்னாடி பக்கமா மெதுவா சுத்துவேன். அவ்ளோதான். மைக்குல ஒருத்தன் "தேசப்பன் ரெடியாவறான்"னு கத்துவான். பேட் புடிச்சவன் என்னைத் திரும்பிப் பார்ப்பான். இவன் வர்றதுக்குள்ள அடிச்சிடணும்னு தூக்கி அடிப்பான், கேட்ச் குடுப்பான். பாதி மேட்ச் நான் பந்தே தொடாம ஜெயிச்சது. என் ஜெர்சி முதுவுல பேருகூட இல்ல, "கடேசி ஓவர்"னுதான் அடிச்சிருக்கும்.

புத்தூர் டீமு என்னை எடுத்தப்போ பெரிய சண்டை. "அரவோடு எப்படி ஆந்திரா டீமுல ஆடலாம்?"னு எதிர் டீமுக்காரன் கேட்டான். அரவோடுன்னா கிண்டலா தமிழன்னு அர்த்தம். எங்க கேப்டன் சீனு நெஞ்சை நிமித்தினான். "இவன் பார்டர் தாண்டி வந்த சொத்து ரா!" எனக்கு ரோமம் சிலுத்துக்கிச்சி. சொத்துன்னா விக்கவும் செய்யலாம்னு அப்போ தோணல.

பொங்கலுக்கு ஆரம்பிச்சி ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா இழுத்துக்கினு போற டோர்னமெண்ட் ஒண்ணு. மொத பரிசு ஒரு பெரிய ஆட்டுக்கெடா. அந்த ஆட்டை மைதானத்து ஓரத்துலயே கட்டி வெச்சிருந்தானுங்க. அதுவும் மேட்ச் பார்த்துக்கினு இருக்கும், பாவம், யாரு ஜெயிச்சாலும் தோக்கறது அதான்.

செமி ஃபைனலுக்கு முந்தின மேட்ச்சு. என் கடேசி ஓவர்ல மூணாவது பந்து போடும்போது ஆள்காட்டி விரலுக்கும் நடு விரலுக்கும் நடுவுல பந்து இருக்குதான்னே தெரியல. பார்த்தா ரெண்டு விரலும் சுண்ணாம்பு அடிச்சாப்போல வெள்ளை. கடிச்சிப் பார்த்தேன். வேற யாரோ விரலைக் கடிக்கற மாதிரி இருந்துச்சி. எப்படியோ ஓவரை முடிச்சேன், ஜெயிச்சோம். விரலை சீனு கிட்ட காட்டினேன்.

அவன் என் தோளை அமுக்கிப் பார்த்தான். "மூட்டு நழுவிக்கினு இருக்குது ரா. கட்டு கட்டினா சரியாயிடும். நீக்கேம் காது, உனக்கு ஒண்ணும் ஆவாது."

புத்தூருன்னாலே எலும்புக் கட்டுதான். அந்தக் கட்டுக்காக எங்கெங்கியோ இருந்து ஜனங்க வர்ற ஊரு. அங்க கட்டு தெரிஞ்சவங்க இருக்காங்க. சீனு தெரிஞ்சவன் இல்ல. அவன் செல்போனுக்கு ஸ்டிக்கர் ஒட்டறவன். ஆனா புத்தூர்ல பொறந்தவன். கட்டு கட்டறதைச் சின்ன வயசுல இருந்து வேடிக்கை பார்த்தவன். தியேட்டர் வாசல்ல பொறந்தவன் தன்னை ஹீரோன்னு நெனைச்சிக்கினா எப்படி இருக்கும், அப்படி.

"அங்க போலாமேடா"ன்னேன்.

"அங்க கூட்டம். அதுவுமில்லாம கையை ஆட்டாதன்னுடுவாங்க. செமி ஃபைனல் யாரு போடறது, உங்க நைனாவா?"

முட்டை வெள்ளை, உளுத்தம் மாவு, என்னமோ ஒரு பச்சை எலை, மூங்கில் தப்பை. எல்லாத்தையும் வெச்சி தோள்ல இருந்து மணிக்கட்டு வரைக்கும் துணி சுத்தி இறுக்கினான். காலை என் வெலாவுல வெச்சி முட்டுக்குடுத்து இழுத்தான், லாரிக்கு தார்பாய் கட்டறாப்போல. மேட்ச் அன்னிக்கு அவுத்துடலாம்னான். நான் ஜம்முனு ஊட்டுக்குப் போனேன்.

அதுக்கு அப்பால வந்த ராத்திரிங்களைப் பத்தி நான் சொல்ல மாட்டேன். கையை அடுப்புல வெச்ச மாதிரி, அப்பால ஐஸ்ல வெச்ச மாதிரி. எம் பொண்டாட்டி அமுலு என் பக்கத்துலயே படுக்கல, முட்டை நாத்தம்.

"யோவ், விரலு நீலமா இருக்குதுய்யா."

"சாயத்துல கை வெச்சேன்."

"உன் தறியில ஓடறது மஞ்சக் கலரு."

அவளுக்குப் பொறுமை போச்சி. தறியில இழை வெட்டற கத்தரியை எடுத்து அந்தக் கட்டைத் தோள்ல இருந்து வெட்டிக்கினே வந்தா. துணி வுட்டதும் கையி ஊதும்னு நெனைச்சோம். ஊதல. ஆறிப்போன இட்லி மாதிரி அப்படியே கெடந்துச்சி. அமுலு புடவையை இழுத்துச் சொருவினா, என் ஜெர்சியைத் தூக்கி பையில போட்டா. முழுக்கை வெச்ச துணின்னு எங்கூட்ல அது ஒண்ணுதான். திருப்பதி பஸ்ல ஏறிட்டோம்.

ஆஸ்பத்திரி பேரு வேணாம். பெரிய ஆஸ்பத்திரி. அதுல வெயிட்டிங் ஹால்னு ஒண்ணு இருக்குது, மேல ஏழுமலையானைப் பார்க்கற கியூ கூட அதைவிட சீக்கிரம் நகரும், லட்டும் குடுப்பாங்க. மொதல்ல எலும்பு டாக்டர்கிட்ட அனுப்பினாங்க. அவரு ரெண்டு விரலைத் தொட்டாரு, மணிக்கட்டுல நாடி பார்த்தாரு, மறுபடி பார்த்தாரு. அவரு மொகம் மாறினதைப் பார்த்து நானே அவருக்குத் தைரியம் சொல்லலாம்னு இருந்தேன். என்னை வீல்சேர்ல ஒக்கார வெச்சாங்க. "கையிதான் சார் வலி, காலு நல்லாத்தான் இருக்குது"ன்னேன். யாரும் சிரிக்கல. ஆஸ்பத்திரியில நாம சொல்ற ஜோக்குக்கு யாரும் சிரிக்கலன்னா அப்பவே வெளங்கிக்கணும்.

ரத்தக் குழாய் பார்க்கற டாக்டரு ஒரு அம்மா. தமிழைத் தெலுங்கு ராகத்துல பேசுவாங்க. கையில ஜெல்லியைத் தடவி ஒரு மெஷினை வெச்சாங்க. டாப்ளர்னு பேரு. ரத்தம் ஓடறதைச் சத்தமா கேக்க வெக்கிற மெஷினு. இடது கையில வெச்சப்போ தறி ஓடறாப்போல டக்கு டக்குனு சத்தம். வலது கையில வெச்சாங்க. கரண்டு போன தறி.

"ஏம் பாபு, என்ன வேலை செய்ற?"

"பந்து போடறேன் மேடம். கடேசி ஓவர்."

அவங்க பேப்பர்ல படம் போட்டுக் காட்டினாங்க. ஓயாம கையை வேகமா சுத்திச் சுத்தி, தோளுக்குக் கீழ ரத்தக் குழாயை எலும்பு இடிச்சி இடிச்சி, அந்த எடம் சைக்கிள் ட்யூப்பு பொடைக்கிற மாதிரி பொடைச்சிக்கினு இருக்குதாம். அந்தப் பொடைப்புல ரத்தம் தேங்கி உறைஞ்சி கட்டியாவுதாம். நான் ஒவ்வொரு தடவை பந்தை வுடும்போதும் அதுல ஒரு துண்டு ஒடைஞ்சி, கீழ போயி, விரல்ல அடைச்சிக்குதாம். கணக்கு சரிதான். நான் ஸ்டம்புக்கு யார்க்கர் போட்டேன், என் தோளு என் விரலுக்குப் போட்டுக்கினு இருந்திருக்குது. ரெண்டுமே குறி தப்பல.

"வலி வந்ததும் என்ன பண்ணின?"

நான் கூரையைப் பார்த்தேன். அமுலுதான் சொன்னா. முட்டை, உளுத்தம் மாவு, தப்பை எல்லாம். டாக்டரம்மா பேனாவை மூடிட்டாங்க. "ஏற்கெனவே ரத்தம் இல்லாத கை. அதை இறுக்கிக் கட்டினீங்களா?" அவங்க கத்தியிருந்தா பரவால்ல. மெதுவா கேட்டாங்க.

அப்பால எல்லாம் வேகமா நடந்துச்சி. சி.டி. ஸ்கேன்ல ரத்தத்துல ஒரு மருந்து ஏத்துவாங்க, ஒடம்பெல்லாம் சூடாயி, மூத்திரம் போயிட்ட மாதிரியே இருக்கும். "போவல, சும்மா அப்படித் தோணும்"னு ஸ்கேன் எடுக்கற பையன் மொதல்லயே சொல்லிட்டான். ஆனா நான் போயிட்டேன். அது மருந்தால இல்ல, பயத்தால.

ஆபரேஷன் என்னான்னா, ஒரு மெல்லிசு ஒயரை ரத்தக் குழாய்க்குள்ள வுட்டு, அதோட முனையில இருக்கற பலூனை ஊதி வெளிய இழுப்பாங்க, அடைப்பும் கூடவே வரும். கெணத்துல வுழுந்த வாளியைப் பாதாளக்கரண்டி போட்டு எடுக்கறாப்போல. பொடைச்ச எடத்தை வெட்டிட்டு, தொடையில இருந்து ஒரு குழாயை உருவி அங்க ஒட்டு. இழை அறுந்தா முடி போடறதில்லயா, அதேதான். எனக்கு வெளங்கிச்சி. வெளங்காதது ஒண்ணுதான், கேட்டேன்.

"மேடம், மறுபடி பந்து போடலாமா?"

"கை இருக்குமான்னு பார்க்கறேன் பாபு. பந்து அப்பறம்."

கார்டு விஷயத்துல நம்ம தலையெழுத்தைப் பாருங்க. காசில்லாம வைத்தியம் பார்க்கற ஆந்திரா கவருமெண்டு கார்டுல அமுலு பேரு இருக்குது, என் பேரு பள்ளிப்பட்டுலயே கெடக்குது. கிரவுண்டுல பார்டர் தாண்டின சொத்து, கவுண்டர்ல பக்கத்து ஊட்டுக்காரன். அமுலு காதுல இருந்ததைக் கழட்டிட்டு வேப்பங்குச்சி சொருவிக்கினா. நான் கேட்டதுக்கு, "காது அரிப்புய்யா"ன்னா.

கையி பொழைச்சிச்சி. கண்ணு முழிச்சப்போ டாக்டரம்மா அந்த மெஷினை மறுபடி வெச்சாங்க. டக்கு டக்கு. அமுலு அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மொத தடவை அழுதா. ஆனா ஆள்காட்டி விரலும் நடு விரலும் நுனியில கறுப்பு. "அது முன்னாடியே செத்துப்போச்சி"ன்னாங்க. "கறுப்பு எங்க வந்து நிக்குதுன்னு பார்க்கணும். நின்ன எடத்துல எடுக்கணும்."

"அந்தக் கட்டு கட்டாம, அன்னிக்கே வந்திருந்தா?"

"தெரியல"ன்னாங்க. கதவு வரைக்கும் போயி திரும்பினாங்க. "வந்திருக்கலாம்."

ஒரு விஷயம் சொல்லணும். செத்த விரலு ஒடம்பை வுட்டுப் போவாது. கூடவே இருக்கும். காலையில எழுந்ததும் மொதல்ல அதைத்தான் பார்ப்பேன், கறுப்பு ஒரு கோடு ஏறியிருக்குதான்னு. பக்கத்துப் பெட்டுல ரமணையா, சூளூர்பேட்டையில நண்டு விக்கறவன், என் வயசுதான். சக்கரையில காலு விரலு கறுத்துப்போயி வந்தவன். எங்க ரெண்டு பேருக்கும் பந்தயம், யாருது மொதல்ல நிக்குதுன்னு. தோத்தவன் டீ வாங்கித் தரணும்.

"உன்னுது இன்னிக்கு ஒரு ரன் எடுத்துச்சி தேசு."

"உன்னுது பவுண்டரி போயிக்கினு இருக்குது, பார்த்துக்கோ."

பக்கத்துல இருந்தவங்க மூஞ்சைத் திருப்பிக்குவாங்க. அவனைத் தியேட்டருக்குத் தள்ளிக்கினு போனாங்க, முட்டிக்குக் கீழ ஒண்ணுமில்லாம திரும்பி வந்தான். மயக்கம் தெளிஞ்சதும் மொத பேச்சே, "டீ சொல்லு, நான் தோத்துட்டேன்." அப்பால போர்வைக்குள்ள போயிட்டான். அந்த டீயை நான் குடிக்கல. ஆறிப்போயி ஆடை கட்டிக்கினு கெடந்துச்சி.

அமுலு திருச்சானூர்ல ஒரு சொந்தக்காரங்க ஊட்ல குளிச்சிட்டு ஷேர் ஆட்டோவுல வருவா. சோத்தைப் பெசைஞ்சி எனக்கு ஊட்டுவா. "எருமை மாதிரி வாயைத் தொற"ம்பா. நான் மெல்லாம வெச்சிருந்தா கன்னத்துல ஒண்ணு வெப்பா. வார்டுல ஏ.சி. குளுருக்கு என் ஜெர்சியைப் போத்திக்கினு ஸ்டூல்ல ஒக்காந்திருப்பா. முதுவுல "கடேசி ஓவர்"னு எழுத்து. நர்சுங்க அவளைப் பார்த்து, "ஏம்மா, நீங்க ஸ்போர்ட்ஸா?"ன்னு கேப்பாங்க. "ஆமா, இவரைத் தூக்கற ஸ்போர்ட்ஸ்."

அப்போதான் சீனு வந்தான். கூட முனெய்யா. முனெய்யா பிரியாணி மாஸ்டரு, எங்க டீமுக்கு ஜெயிச்சா சமைக்கறவன், பந்துன்னா எலுமிச்சம்பழத்தைத் தவிர எதையும் கையில புடிச்சதில்ல. ஒரு சீப்பு வாழப்பழம் கொண்ணாந்தானுங்க. சீனு அதுல ஒண்ணைப் பிச்சி உரிச்சித் துன்னுக்கினே என் விரலைப் பார்த்தான். பாதிப் பழத்துல நிறுத்திட்டான்.

"நாங்க செமியில ஜெயிச்சிட்டோம் ரா. ஃபைனலு இருக்குது. எப்போ போடுவ?"

அமுலு எழுந்தா. "உனக்குப் பிண்டம்தான்டா போடணும். கட்டு கட்ட வந்துட்டான் பெரிய வைத்தியன்! உங்க ஆட்டுக் கறிக்கு எம் புருசன் விரலு கேக்குதா?"

"அக்கா, நானு வேணும்னா கட்டினேன்?" அவன் தலையைக் குனிஞ்சிக்கினான். கொஞ்ச நேரம் நிஜமாவே வருத்தமாத்தான் இருந்தான். அப்பால முனெய்யாவை என் பெட்டு பக்கத்துல நிறுத்தி, "தேசு, இவன் உன் ஒசரம்தானே?"ன்னு கேட்டான்.

"எதுக்குடா, எனக்குப் பொண்ணு பார்க்க வந்தியா?"

"சும்மாத்தான். அக்கா, அந்த ஜெர்சி..."

ஃபைனலுக்குப் பந்தல்ல என் ஜெர்சியை மாட்டி, மாலை போட்டு, மைக்குல என்னைப் பத்தி நாலு வார்த்தை சொல்லப்போறானுங்கன்னு நெனைச்சேன். மாலை செத்தவனுக்குத்தான் போடுவாங்கன்னுகூடத் தோணல. "குடு அமுலு"ன்னேன். அவ என்னை ஒரு பார்வை பார்த்தா, கழட்டி அவன் மூஞ்சியில வீசினா. நான் வேற கூவினேன், "டேய், தோய்க்காத, ராசி போயிடும்!"

அன்னிக்கு சாயந்தரம் அவ துண்டைப் போத்திக்கினு நடுங்கிக்கினு இருந்தா.

கறுப்பு நடுக்கணுவுல வந்து நின்னுச்சி. அங்கயே எடுத்தாங்க. கையை மட்டும் மரத்துப்போவ வெப்பாங்க, நாம முழிச்சிக்கினு இருப்போம். வலி இல்ல. சத்தம் இருக்குது. அதுக்கு மேல சொன்னா சோறு எறங்காது உங்களுக்கு. முடிஞ்சதும் கேட்டேன், "மேடம், இப்போவாவது சொல்லுங்க. போடலாமா?"

"பாபு, நீ பீடி புடிப்பியா?"

"புடிப்பேன்."

"இனிமே அதைப் புடிக்கவும் விரல் இல்ல. நல்லதுதான், புடிச்சா மிச்ச விரலும் போவும். பந்து கேக்காத. வேகமா கையைச் சுத்தின அன்னிக்கு, போட்ட ஒட்டு புட்டுக்கும்." அவங்க ஜோக்கு சொன்னதா, வைத்தியம் சொன்னதான்னு எனக்கு இன்னும் தெரியல. ஆனா அந்த ஆஸ்பத்திரியில ஒரு ஆளாவது ஜோக்கடிச்சாங்களேன்னு நான்தான் சிரிச்சேன்.

ரத்தம் உறையாம இருக்க மாத்திரை. அதைத் துன்னா சின்னக் கீறலும் நிக்காம ஒழுவும், அதனால சவரம்கூட ஜாக்கிரதையா பண்ணணுமாம். பையில அந்த மாத்திரை, கையில வெள்ளைத் துணி. ஒரு ஞாயித்துக்கிழமை ஊருக்குக் கெளம்பினோம். ரமணையா பெட்டுல இருந்தே கையைத் தூக்கினான். நானும் தூக்கினேன். அவனுக்குக் காலு இல்ல, எனக்கு விரலு இல்ல, டாட்டா காட்டறதுக்கு மட்டும் கொறைச்சல் இல்ல.

புத்தூருக்கு முன்னால ரோட்டோரம்தான் கிரவுண்டு. மேட்ச் பார்க்கற கூட்டம் ரோடு வரைக்கும் வந்து நின்னுக்கினு இருந்துச்சி, பஸ்ஸு நகரல. ஃபைனலு. ஆடு அதே எடத்துல கட்டியிருந்துச்சி, என்னைவிடக் கொழுத்திருந்துச்சி. பந்தலைப் பார்த்தேன். ஜெர்சி தொங்கல. மாலையும் இல்ல.

"அங்க பாருய்யா"ன்னா அமுலு. சொல்லிட்டு, "வேணாம், பார்க்காத"ன்னா.

பவுண்டரி ஓரமா, நான் எப்பவும் நிக்கற எடத்துல, "கடேசி ஓவர்" நின்னுக்கினு இருந்துச்சி. என் ஜெர்சி. உள்ள முனெய்யா. நடையைப் பார்த்தே தெரிஞ்சிக்கினேன், அண்டாவைத் தூக்கறவன் நடை. தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்து வுட்டிருந்தான். ரெண்டு ஓவர் பாக்கின்னு மைக்குல சொன்னதும் தொப்பியைக் கழட்டாம, தலையைக் குனிஞ்சிக்கினு, வலது கையைப் பின்னாடி பக்கமா மெதுவா சுத்தினான். என்னை மாதிரியே. யாரோ நல்லா சொல்லிக் குடுத்திருக்கானுங்க.

"தேசப்பன் ரெடியாவறான்!"னு மைக்கு கத்துச்சி. ஜனங்க விசிலடிச்சாங்க. பேட் புடிச்சவன் திரும்பி அந்த முதுவைப் பார்த்தான். அடுத்த பந்தைக் கண்ணை மூடிக்கினு தூக்கினான். கேட்ச்சு. அடுத்து வந்தவனும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அவன் ஸ்டம்பு பறந்துச்சி.

என் வாய் என்னை மீறி "போல்டு!"ன்னு கத்திச்சி. பஸ்ஸுல எல்லாரும் என்னைப் பார்த்தாங்க, அப்பால கையில இருந்த கட்டைப் பார்த்தாங்க. அந்தக் கட்டுக்குள்ள இல்லாத ரெண்டு விரலும் அரிச்சிச்சி. இல்லாத விரலு அரிக்கும்னு டாக்டரம்மா மொதல்லயே சொல்லியிருந்தாங்க. எப்போ அரிக்கும்னு சொல்லல.

கண்டக்டரு ஜன்னல் வழியா குனிஞ்சி பார்த்தாரு. "யாரண்ணா அந்தாளு? இத்தினி சத்தம் போடறானுங்க?"

"கடேசி ஓவர் போடறவன்."

"நல்லா போடுவானா?"

அமுலு என் தொடையை அழுத்திப் புடிச்சா, குழாயை உருவின அதே எடத்துல.

"அவன் பந்துல இதுவரைக்கும் ஒருத்தன்கூட ரன் எடுத்ததில்ல சார்"னேன்.

கண்டக்டரு விசிலடிச்சாரு. பஸ்ஸு நகந்துச்சி.